மேதைக்கு மட்டும் அனுமதி

அமெரிக்காவின் சான் ஹோசே விமான நிலையம். மேலேயிருந்த கண்ணாடிப் பலகை நொறுங்கி விழுந்து ஒரு சிறுவன் ரத்த வெள்ளத்தில் கிடக்கிறான். முதலுதவி செய்ய ஓடிவந்த டாக்டரிடம், நீங்கள் அழுத்தும் இடம் தவறு என்கிறார் கூட்டத்திலிருந்து வந்த ஓர் இளைஞர். குரலில் ஏற்ற இறக்கமில்லை. யார் கண்ணையும் பார்த்துப் பேசுவதில்லை. பாதுகாப்புச் சோதனையில் பறிமுதலான கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார். ஒரு பாட்டிலையும் குழாயையும் வைத்துச் சிறுவனை மூச்சுவிட வைக்கிறார்.

அதே நேரத்தில் ஒரு மருத்துவமனையின் கூட்ட அறையில் காரசாரமான விவாதம். ஆட்டிசம் உள்ள ஒருவரை அறுவைச் சிகிச்சைப் பிரிவில் சேர்க்கலாமா? யாரோ செல்போனில் எடுத்த விமான நிலையக் காட்சி ஊரெங்கும் பரவுகிறது. விவாதம் முடிகிறது. ஷான் மர்ஃபிக்கு வேலை கிடைக்கிறது.

2017-ல் ஏபிசி சேனலில் துவங்கிய 'தி குட் டாக்டர்' தொடரின் முதல் எபிசோட் இது. 2013-ல் வந்த தென் கொரியத் தொடரின் அமெரிக்க வடிவம். ஃபிரெடி ஹைமோரின் நடிப்பைக் குறை சொல்ல முடியாது. ஆட்டிசம் என்ற சொல்லையே கேள்விப்படாத பல வீடுகளுக்குள் அதைக் கொண்டுசேர்த்ததும் இந்தத் தொடர்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கண்ணாடி உடையாமல் இருந்திருந்தால்? ஷானுக்கு வேலை கிடைத்திருக்குமா என்ற கேள்விக்கு அந்த எபிசோடில் பதில் இல்லை. தகுதியும் படிப்பும் அவருக்கு ஏற்கனவே இருந்தன. அவை போதவில்லை. ஓர் அற்புதம் நிகழ்த்திக் காட்ட வேண்டியிருந்தது.

இந்த நிபந்தனை 1988-ல் வந்த 'ரெயின் மேன்' படத்திலிருந்தே தொடர்கிறது. டஸ்டின் ஹாஃப்மன் தரையில் சிதறிய பல்குத்திகளை ஒரு பார்வையில் எண்ணிச் சொன்னார். சூதாட்ட விடுதியில் சீட்டுகளை மனதில் வைத்துத் தம்பிக்குப் பணம் சம்பாதித்துக் கொடுத்தார். நான்கு ஆஸ்கர்கள் கிடைத்தன. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த கிம் பீக் என்ற நினைவாற்றல் மேதைக்கு ஆட்டிசமே இல்லை, வேறொரு மரபணுக் கோளாறு இருந்திருக்கலாம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கருதினார்கள். அந்தப் படத்துக்கு ஆலோசகராக இருந்த உளவியல் மருத்துவர் டாரால்ட் டிரெஃபர்ட், ஆட்டிசம் உள்ளவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் இத்தகைய அபூர்வத் திறன் உண்டு என்று மதிப்பிட்டவர். சின்னத்திரையில் இந்தக் கணக்கு தலைகீழ்.

மற்ற ஒன்பது பேர் என்ன ஆனார்கள்? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, ஆட்டிசம் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் நான்கில் ஒருவருக்குச் சற்று அதிகமானோர் தீவிர நிலையில் இருப்பவர்கள். பேச்சே வராதவர்கள், ஓரிரு சொற்களோடு நிற்பவர்கள், அறிவுத்திறன் மிகக் குறைந்தவர்கள். பெரும்பாலான சீரியல்களில் இவர்களுக்கு வசனம் மட்டுமல்ல, இடமும் கிடையாது.

இதன் விளைவு எந்த ஊர்க் கல்யாண வீட்டிலும் தெரியும். மூன்று வயதாகியும் பேசாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் தாயிடம், "இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஏதாவது ஒரு திறமை இருக்குமாமே, உங்க பையனுக்கு என்ன?" என்று யாராவது கேட்பார்கள். நல்லெண்ணத்தில்தான். இன்னும் சாப்பிட, உடுத்தப் பழகிக்கொண்டிருக்கிறான் என்று அவர் எப்படிச் சொல்வார்?

இந்திய டிவி இந்த விஷயத்தில் அதிகம் பேசியதில்லை. 2009-ல் ஜீ டிவியில் வந்த 'ஆப் கி அந்தரா' ஒரு விதிவிலக்கு: தாயை இழந்து அப்பாவின் குடும்பத்துக்கு வந்துசேரும் ஒரு சிறுமிக்கு என்ன பிரச்சினை என்று புரியாமல் தவிக்கும் வீட்டின் கதை. மறு வருடமே வெள்ளித்திரையில் ஷாருக் கான் வந்தார். 'மை நேம் இஸ் கான்' நாயகனுக்கு எதையும் பழுது பார்க்கும் கை. திறமை நிபந்தனை மறுபடி ஆஜர்.

இந்த நிபந்தனை உச்ச நீதிமன்றத்தின் கவனத்துக்கும் வந்தது. 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படம் மாற்றுத் திறனாளிகளைக் கேலி செய்கிறது என்று தொடரப்பட்ட வழக்கில், 2024 ஜூலை 8 அன்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா அடங்கிய பெஞ்ச் திரைத்துறைக்குச் சில நெறிமுறைகளை வகுத்தது. கேலிப் பொருளாகக் காட்டாதீர்கள் என்றதோடு நிற்கவில்லை. அதிசய சக்தி படைத்தவர்களாகவும் காட்டாதீர்கள் என்றது. அப்படிக் காட்டினால், சக்தி இல்லாதவர்கள் மரியாதைக்கு உரியவர்கள் அல்ல என்று ஆகிவிடுகிறது. மருத்துவ விவரங்களைச் சரிபாருங்கள், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசுங்கள் என்றும் சொன்னது. நம் சீரியல் கதை இலாகாக்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்களோ!

நிபந்தனையைத் தானே கேள்வி கேட்ட தொடர் ஒன்று உண்டு. 2022-ல் தென் கொரியாவின் சிறிய சேனல் ஒன்றில் ஒரு சதவீதம்கூட எட்டாத ரேட்டிங்கில் துவங்கி, 17 சதவீதத்தைத் தாண்டி முடிந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி அட்டர்னி வூ'. நெட்ஃபிளிக்ஸ் வழியே இந்தியாவிலும் பார்க்கப்பட்டது. நாயகி வூ யங்-வூ சட்டப் புத்தகங்களை மனப்பாடமாக வைத்திருக்கும் வக்கீல். திமிங்கிலம் என்றால் உயிர். வழக்கமான மேதைதான். ஆனால் மூன்றாவது எபிசோடில், மருத்துவ மாணவரான அண்ணனை அடித்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனுக்காக அவர் வாதாட வேண்டியிருக்கிறது. அவனுக்கும் ஆட்டிசம். அவனால் நடந்ததைச் சொல்ல முடியாது. ஒரே பெயர் கொண்ட நிலை, ஒருத்தி நீதிமன்றத்தில் கறுப்புக் கோட்டில், ஒருவன் கூண்டில். மகனையும் வக்கீலையும் மாறி மாறிப் பார்க்கும் தாயின் மனதில் என்ன ஓடும்? டாக்டராகியிருக்க வேண்டியவன் செத்தான், இவன் பிழைத்தான், நாட்டுக்கு நஷ்டம் என்று முகம் தெரியாதவர்கள் எழுதுகிறார்கள். அதைப் படிக்கும் வூவுக்கு ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நினைவுக்கு வருகிறார்.

அந்தப் பெயர் அங்கே சும்மா வரவில்லை. 1944-ல் வியன்னாவில் சில சிறுவர்களை 'குட்டிப் பேராசிரியர்கள்' என்று பாராட்டி எழுதிய மருத்துவர் ஆஸ்பெர்கர். பல காலம் குழந்தைகளைக் காத்தவராகவே அறியப்பட்டார். வரலாற்று ஆய்வாளர் ஹெர்விக் செக் 2018-ல் வெளியிட்ட ஆவணங்கள் மறுபக்கத்தைக் காட்டின: தேறமாட்டார்கள் என்று கருதிய குழந்தைகளை ஆம் ஷ்பீகல்குருண்ட் என்ற மருத்துவ நிலையத்துக்கு அனுப்பியவர்களில் அவரும் ஒருவர். நாஜி ஆட்சியில் அங்கே 789 குழந்தைகள் கொல்லப்பட்டார்கள். திறமை உள்ளவன், இல்லாதவன் என்ற பிரிவினைக்கு இப்படியும் ஒரு பூர்வீகம் உண்டு. ஒரு பொழுதுபோக்குத் தொடர் தன் நாயகியின் வெற்றியையே சந்தேகித்து இதைச் சொன்னது துணிச்சல். அடுத்த எபிசோடிலிருந்து திமிங்கிலமும் காதலும் வந்துவிட்டன என்பது வேறு விஷயம்.

யார் நடிக்கிறார்கள் என்பதும் மாறத் துவங்கியிருக்கிறது. ஹாஃப்மன், ஷாருக், ஹைமோர், வூவாக நடித்த பார்க் யுன்-பின் எல்லோரும் கவனித்து நடித்தவர்கள். 2022-ல் வந்த ஆஸ்திரேலியத் தொடர் 'ஹார்ட்பிரேக் ஹை'யில் குவின்னியாக வரும் க்ளோயி ஹேடன் ஆட்டிசம் உள்ளவர். முதல் காதல் சந்திப்புக்கு இரைச்சலான உணவகம் வாய்க்கிறது. எதிரில் இருப்பவள் பேசுவது காதில் விழாமல், சத்தம் தாங்காமல், அதைக் காட்டிக்கொள்ளாமலும் தவிக்கிற குவின்னியின் முகத்தை வேறொருவர் கற்பனை செய்து நடித்திருப்பது கஷ்டம்.

அதே வருடம் அமேசானில் வந்த 'அஸ் வீ சீ இட்' தொடரில் மூன்று முக்கிய நடிகர்களும் ஆட்டிசம் உள்ளவர்கள். உருவாக்கிய ஜேசன் கேடிம்ஸின் மகனுக்கும் ஆட்டிசம் உண்டு. ஓர் இஸ்ரேலியத் தொடரைத் தழுவியது. இதில் உயிர் காக்கும் ஆபரேஷன் கிடையாது. ஹாரிசன் என்ற இளைஞன் வீட்டிலிருந்து தெருக்கோடியில் இருக்கும் காபிக் கடை வரை தனியாக நடக்க முயல்கிறான். உதவியாளர் செல்போனில் தைரியம் சொல்லிக்கொண்டே வருகிறார். சாலைச் சத்தம், ஒரு நாய்... பார்ப்பவர்களுக்கு மூச்சு முட்டுகிறது.

'தி குட் டாக்டர்' 2024 வரை 126 எபிசோடுகள் ஓடியது. ஹாரிசனின் தொடர் எட்டு எபிசோடுகளோடு நிறுத்தப்பட்டது.