மனச்சோர்வு: மாத்திரை மட்டும் போதுமா? பட்டாசு மண்ணுக்குத் தேவை இரண்டும்!

பட்டாசு ஆலையில் விபத்து நடந்தால் செய்தி வரும். நிவாரணம் அறிவிப்பார்கள், ஆய்வு நடக்கும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் சுமார் 40 பேர், 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர், 2024 மே 9-ல் செங்கமலப்பட்டியில் 10 பேர் எனப் பட்டியல் நீள்கிறது. ஆனால் கூட வேலை பார்த்தவரைப் பறிகொடுத்துவிட்டு, சில நாளிலேயே அதே மாதிரி அறைக்குள் மருந்து செலுத்தப் போகிறவரின் மனசு எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

விபத்து மட்டுமே காரணமும் இல்லை. 2018 அக்டோபர் 23-ல் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அதன் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. சாதாரண வருஷத்திலும் தீபாவளி முடிந்தால் வேலை குறையும், மழை பெய்தால் சரக்கு காயாது. வருமானம் நின்றாலும் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடும். மனச்சோர்வு வேர் பிடிக்க இதெல்லாம் ஏற்ற சூழல்.

சோகமா, நோயா?

இழப்புக்கு அழுவது நோயில்லை. துக்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் மாத்திரை தேவையும் இல்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல், கிட்டத்தட்ட தினமும், எதிலும் பிடிப்பில்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு, செத்துவிடலாம் என்ற எண்ணம் ஆகியவற்றில் பல சேர்ந்து வந்து அன்றாட வேலையையும் முடக்கினால், டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம் அது.

பலர் பார்ப்பதில்லை. தமிழகம் உட்பட 12 மாநிலங்களில் 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு நோய் உள்ளவர்களில் சுமார் 85% பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை.

மாத்திரை என்ன செய்யும்?

ஃப்ளூஆக்ஸெடின் போன்ற மாத்திரைகள் விலை குறைவு, உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கின்றன. காய்ச்சல் மாத்திரை மாதிரி இன்று போட்டால் நாளைக்குக் கேட்காது. பலன் தெரிய 2 முதல் 6 வாரம் ஆகும். ஆனால் குமட்டல் போன்ற பக்கவிளைவுகள் முதல் வாரத்திலேயே வரலாம். நிறைய பேர் மாத்திரையை விடுவது இந்த இடைவெளியில்தான். சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடரச் சொல்வது வழக்கம். மது, தூக்க மாத்திரை போல அடிமையாக்கும் மருந்து இல்லை இது. ஆனாலும் டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

பட்டாசுத் தொழிலாளி டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: தான் பார்க்கும் வேலை. அமிட்ரிப்டிலின், மிர்டாசபின் போன்ற சில மாத்திரைகள் பகலிலும் தூக்கக் கலக்கம் தரலாம். மருந்துக் கலவை அறையில் அந்தக் கலக்கம் ஆபத்து. முன்பே சொன்னால் டாக்டர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

பேச்சு என்ன செய்யும்?

உளவியல் சிகிச்சை என்பது 'தைரியமா இரு' என்று புத்திமதி சொல்வதல்ல. விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வைப்பது ஒரு முறை. 'எல்லாம் என் தப்பு' என்ற எண்ணத்தைச் சோதித்துப் பார்க்கப் பழக்குவது இன்னொன்று. உறவுச் சிக்கலையும் இழப்பையும் நேராக எடுத்துப் பேசுவது மூன்றாவது. மாத்திரை தூக்கத்தையும் தெம்பையும் மீட்டுத் தரலாம். கடன்காரரை எப்படி எதிர்கொள்வது, விபத்து நடந்த ஆலைப் பக்கம் எப்படித் திரும்பப் போவது என்பதையெல்லாம் மாத்திரை சொல்லித் தராது.

இரண்டும் சேர்ந்தால்?

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே பெரும்பாலும் போதும். நடுத்தர, தீவிர நிலையில் இரண்டும் சேரும்போதுதான் பலன் கூடுகிறது. நாள்பட்ட மனச்சோர்வு உள்ள 681 பேரிடம் அமெரிக்காவில் 12 வாரம் நடந்த ஆய்வு 2000-ல் வெளியானது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 48% பேருக்குப் பலன் தெரிந்தது. பேச்சு சிகிச்சை மட்டும் பெற்றவர்களிலும் அதே 48%தான். இரண்டும் பெற்றவர்களிலோ 73%. அந்த ஆய்வில் தரப்பட்ட மருந்து கல்லீரல் பாதிப்பு காரணமாகப் பின்னர் பல நாடுகளில் கைவிடப்பட்டது. ஆனால் வேறு மருந்துகளை வைத்து நடந்த ஆய்வுகளின் தொகுப்புகளும் இதே முடிவைத்தான் சொல்கின்றன.

கோவாவில் நடந்தது

'அதுக்கு உளவியலாளர் எங்கே இருக்காங்க?' நியாயமான கேள்வி. இதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. கோவாவில் 24 மருத்துவ மையங்களில் நடந்த 'மானஸ்' ஆய்வு 2010-ல் 'லான்செட்' இதழில் வெளியானது. மனநலப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலோசகர்களாக உட்கார வைத்தார்கள். பேச்சு அவர்கள் பொறுப்பு. தேவைப்பட்டவர்களுக்கு மாத்திரை எழுதியது அங்கிருந்த டாக்டர். மேற்பார்வைக்கு மனநல மருத்துவர் இருந்தார். ஆறு மாதத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தவர்களில் 65.9% பேர் குணமடைந்தார்கள். இந்த ஏற்பாடு இல்லாத நிலையங்களில் அது 42.5%. தனியார் கிளினிக்குகளில் இந்த அளவு வித்தியாசம் வரவில்லை. அதாவது, ஏழைகள் அதிகம் வரும் அரசு நிலையங்களில்தான் திட்டம் கைகொடுத்தது.

விருதுநகரில் என்ன செய்யலாம்?

புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. விருதுநகரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிவகாசியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்ட் முதல் பிரஷர், சுகர் மாத்திரைகள் வீடு தேடிப் போகின்றன. அதே தன்னார்வலர்கள் 'மனசு எப்படிம்மா இருக்கு? மாத்திரையை விடாம போடுறீங்களா?' என்றும் கேட்கலாம். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை நியமிக்க அரசு முன்வர வேண்டும். கூலியை இழந்து வாராவாரம் யாரும் வர முடியாது. எனவே மாலையிலும் ஞாயிறிலும் ஆலோசனை நடக்க வேண்டும், போனிலும் பேச வசதி வேண்டும். விபத்துக்குப் பிறகு நிவாரணக் காசோலையோடு நிறுத்தாமல், அந்தக் கிராமத்தில் சில மாதங்களுக்காவது தொடர்ந்து விசாரிக்க வேண்டும்.

ஆலை நிர்வாகங்களுக்கும் பொறுப்பு உண்டு. மாத்திரை எடுப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். சிகிச்சை பெறுவோரின் தகவலை ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அது சொல்கிறது.

சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் பிள்ளைகளும் ஒன்று செய்யலாம். ஊரிலிருந்து அம்மாவோ அப்பாவோ 'தூக்கமே வரலப்பா, எதுவும் பிடிக்கல' என்று வாரக்கணக்கில் சொன்னால், 'வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்' என்று கடந்துவிடக் கூடாது. டாக்டரிடம் கூட்டிப்போகும்போது இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும்: மாத்திரை தேவையா? பேச்சு சிகிச்சை எங்கே கிடைக்கும்? இரண்டாவது கேள்வியைக் கேட்பவர்கள் பெருகினால்தான் அரசும் அதற்கு ஆள் போடும்.

உயிரை விடும் எண்ணம் வந்தால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது. டெலிமானஸ் உதவி எண் 14416-ஐ 24 மணி நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108-ஐ அழைக்க வேண்டும்.