காம்ப்ரி வைவா: மூடிய அறைக்குள் நடக்கும் தேர்வுக்குக் கணக்கு கேட்போம்!



முதல்ல ஒரு சின்ன கேள்வி. ஒரு மதிப்பெண் கேள்விக்குக் கொடுத்த விடைக்குறிப்பு தப்புன்னு ஒரு மாணவிக்குத் தோணுனா என்ன செய்யலாம்?

கேட் தேர்வுல அதுக்கு வழி இருக்கு. வினாத்தாள் வெளியாகும். விடைக்குறிப்பு வெளியாகும். தான் எழுதினது என்னன்னு அவரே பார்க்கலாம். கட்டணம் கட்டி ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒரே ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு ஏற்பாடு. நல்லது, இருக்கட்டும்.

அதே மாணவி அந்த கேட் மதிப்பெண்ணோடு ஒரு ஐஐடியில் பிஎச்டி சேர்கிறார். பாடங்களை முடிக்கிறார். பிறகு "காம்ப்ரி" வருகிறது. சில இடங்களில் அதை "குவாலிஃபையர்" என்பார்கள். தமிழில் சொன்னால் முனைவர் பட்டத் தகுதித் தேர்வு. இதைத் தாண்டினால்தான் ஆராய்ச்சியைத் தொடர முடியும். பெரும்பாலான இடங்களில் இரண்டே வாய்ப்பு. இரண்டாவதிலும் "திருப்தி இல்லை" என்று எழுதிவிட்டால் பிஎச்டி அத்தோடு முடிந்தது. மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

பல துறைகளில் இந்தத் தேர்வே வாய்மொழித் தேர்வுதான். எழுத்துத் தேர்வு இருக்கும் இடத்திலும் கடைசி முடிவு வைவாவில்தான். அந்த அறைக்குள் என்ன கேட்டார்கள், இவர் என்ன சொன்னார், எதற்காகத் தோல்வி? பதிவு எங்கே? விடைத்தாள் எங்கே? மேல்முறையீடு யாரிடம்?

ஒரு மதிப்பெண்ணுக்கு இருக்கிற நியாயம், ஒரு வாழ்க்கைக்கு இல்லையா?

*தேர்வே வேண்டாம் என்கிறோமா?*

இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இல்லையென்றால் நாளைக்கே "இவங்க தரத்தைக் குறைக்கச் சொல்றாங்க"ன்னு நாலு பேர் கிளம்பி வருவாங்க.

பாலம் கட்டுகிறவருக்குக் கட்டமைப்பின் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். மின்சுற்று வடிவமைக்கிறவருக்கு மின்சுற்று தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாண்டு ஆராய்ச்சியில் இறங்கும் முன்பு அடித்தளம் உறுதியாக இருக்கிறதா என்று சோதிப்பது நியாயம்தான். அந்தச் சோதனை தேவை என்பதுதான் நம் நிலைப்பாடும்.

நாம் கேட்பது ஒன்றே ஒன்று. சோதிக்கிறவர்களும் விதிக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும்.

*அறைக்குள் என்ன நடக்கலாம்?*

ஒரு உதாரணத்துக்குத்தான் சொல்கிறோம். திருவண்ணாமலைப் பக்கத்தில் ஒரு கிராமம். தமிழ்வழி அரசுப் பள்ளி, பிறகு அரசுப் பொறியியல் கல்லூரி, பிறகு கேட். வீட்டில் முதல் பட்டதாரி. கான்கிரீட் பொருட்கள் பற்றி ஆராய்ச்சி. காம்ப்ரி அறைக்குள் போகிறார். எதிரே ஐந்து பேராசிரியர்கள்.

முதல் கேள்வி அவருடைய பாடத்தில். சொல்கிறார். இரண்டாவது கேள்வி மண்ணியலில். அது தேர்வில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. தடுமாறுகிறார். மூன்றாவது, பலகையில் மோர் வட்டம் வரையச் சொல்கிறார்கள். அது தெரியும், ஆனால் கை நடுங்குகிறது. ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னால் வார்த்தை தொண்டையிலேயே நிற்கிறது. "அடிப்படையே தெரியலையே" என்று ஒருவர் முணுமுணுக்கிறார். வெளியே காத்திருக்கச் சொல்கிறார்கள். பத்து நிமிடத்தில் முடிவு வருகிறது.

இவர் உண்மையிலேயே தயாராகாமல் வந்திருக்கலாம். அல்லது, வந்த கேள்விகள் எல்லைக்கு வெளியே இருந்திருக்கலாம். கைடுக்கும் குழுவில் இருக்கும் இன்னொருவருக்கும் நெடுநாள் பகை இருந்து, அதில் இந்தப் பிள்ளை மாட்டியிருக்கலாம். அல்லது அவர் பெயரும் ஊரும் பேச்சும் யாருக்கோ உறுத்தியிருக்கலாம்.

எது உண்மை? யாராலும் சொல்ல முடியாது. பதிவே இல்லையே! நேர்மையாகத் தேர்வு நடத்திய பேராசிரியரால்கூட "நான் நியாயமாகத்தான் நடந்தேன்" என்று நிரூபிக்க முடியாது.

*45 ஆண்டுக்கு முன்பே உச்ச நீதிமன்றம் சொன்னது*

இது நம் கற்பனை என்பவர்கள் 1980 நவம்பரில் வந்த அஜய் ஹாசியா வழக்கின் தீர்ப்பைப் படிக்க வேண்டும். ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரி, அதாவது இன்றைய என்ஐடி, தன் மாணவர் சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் வாய்மொழித் தேர்வுக்கு 50 மதிப்பெண்ணும் வைத்திருந்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் நேர்காணல் முடிந்துவிட்டது, அதிலும் பெற்றோர் யார், ஊர் எது என்பது போன்ற கேள்விகள்தான் என்று மாணவர்கள் முறையிட்டார்கள்.

ஐந்து நீதிபதிகள் அமர்வு என்ன சொன்னது? மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது. சேர்க்கையில் அது 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நேர்காணலை ஒலிப்பதிவு செய்வது நல்லது. அப்போதுதான் பிறகு பிரச்சினை வந்தால் நீதிமன்றம் ஆராய முடியும்.

நாடா போட்டுப் பதிவு செய்கிற காலத்திலேயே சொன்னார்கள், தோழர்களே! இன்றைக்கு ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. செயற்கைக்கோளுக்குக் கருவி செய்து கொடுக்கிற நிறுவனங்களுக்கு ஒரு மைக் வாங்கி வைக்க வசதி இல்லையா?

அது சேர்க்கைக்கான தீர்ப்பு, இது நிபுணத்துவத் தேர்வு என்பார்கள். சரி, வித்தியாசம் இருக்கிறது. ஆனால் சேர்க்கை கிடைக்காதவர் வேறு கல்லூரிக்குப் போகலாம். பிஎச்டியில் இரண்டு ஆண்டு கழித்து வெளியே தள்ளப்பட்டவர் எங்கே போவார்? எங்கே இழப்பு அதிகமோ அங்கேதானே பாதுகாப்பும் அதிகம் இருக்க வேண்டும்?

2011இல் இன்னொரு தீர்ப்பு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தான் எழுதிய விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று சிபிஎஸ்இ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாய்மொழித் தேர்வில் அந்த உரிமை ஓசையில்லாமல் காணாமல் போகிறது. இல்லாத தாளை எப்படிக் கேட்பது?

*வைவா என்றாலே நமக்கு ஏன் சந்தேகம்?*

ஏனென்றால் அடி வாங்கியிருக்கிறோம்.

ஜேஎன்யுவில் சேர்க்கைக்கான வைவாவுக்கு 30 மதிப்பெண் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகமே அமைத்த நஃபே குழு, எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணையும் வைவா மதிப்பெண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. பாகுபாடு இருப்பதை அந்த வித்தியாசமே காட்டுகிறது என்றது. வைவாவை 15ஆகக் குறைக்கச் சொன்னது. இது நாம் சொன்னதில்லை. அவர்கள் குழுவே சொன்னது.

அதே 2016இல் யுஜிசி என்ன செய்தது? எழுத்துத் தேர்வு வெறும் தகுதிக்கு, முடிவு முழுக்க நேர்காணலில் என்று பிஎச்டி சேர்க்கை விதியையே மாற்றியது. வைவாவில் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதிய சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணனை 2017 மார்ச்சில் இழந்தோம். போராட்டங்களும் வழக்குகளும் நடந்த பிறகுதான் 2018இல் எழுத்துக்கு 70, நேர்காணலுக்கு 30 என்று இறங்கி வந்தார்கள்.

ஆக, சேர்க்கை வைவாவுக்கு ஒரு கடிவாளம் வந்துவிட்டது. சேர்ந்த பிறகு நடக்கும் காம்ப்ரிக்கு? அங்கே இன்னமும் நூற்றுக்கு நூறும் குழுவின் கையில்தான்.

*விதி எழுதுவது யார்?*

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது.

யுஜிசியின் 2022 பிஎச்டி விதிகளில் பாடப்பிரிவுக்கு 12 முதல் 16 கிரெடிட், தேர்ச்சிக்கு 55 விழுக்காடு என்று தெளிவாக இருக்கிறது. ஆய்வு ஆலோசனைக் குழு ஒருவரின் முன்னேற்றம் போதாது என்று கருதினால், அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், திருத்திக்கொள்ள வழியும் சொல்ல வேண்டும். அதையும் செய்யத் தவறினால்தான், குறிப்பான காரணங்களோடு பதிவை ரத்து செய்யப் பரிந்துரைக்கலாம். இந்த அளவுக்கு நல்ல விதிதான்.

ஆனால் காம்ப்ரி என்ற தேர்வைப் பற்றி அந்த விதிகளில் ஒரு வரி கிடையாது. ஐஐடிகளுக்கோ அந்த விதிகளே பொருந்தாது. 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அவை தனி. அவற்றின் செனட் எழுதுவதுதான் விதி. 23 ஐஐடி, 23 விதமான நடைமுறை. போதாக்குறைக்கு, ஒரே ஐஐடிக்குள் துறைக்குத் துறை வழக்கம் மாறும். ஒரு துறையில் எழுத்துத் தேர்வு உண்டு, பக்கத்துத் துறையில் கிடையாது. ஒரு துறையில் பாடப்பட்டியல் கொடுப்பார்கள், இன்னொன்றில் "எல்லாத்தையும் படிச்சுட்டு வா" என்பார்கள்.

அந்தக் குழுக்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள்? ஆசிரியர் நியமன இட ஒதுக்கீட்டிலிருந்து ஐஐடிகளுக்கு விலக்குக் கொடுங்கள் என்று 2020இல் ஒன்றிய அரசு அமைத்த குழுவே பரிந்துரை செய்ததே, மறந்துவிட முடியுமா? 2015 முதல் 2019 வரை ஐஐடி பிஎச்டி சேர்க்கையில் பட்டியல் சாதியினர் சுமார் 9 விழுக்காடு, பழங்குடியினர் சுமார் 2 விழுக்காடு. சட்டம் சொல்வது 15, 7.5. வாசலிலேயே பாதிப்பேர் நிறுத்தப்படுகிறார்கள். தாண்டி உள்ளே வந்தவர்களில் எத்தனை பேர் காம்ப்ரியில் வெளியேறினார்கள்? அந்தக் கணக்கைத் துறைவாரியாக வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

*"நிபுணர் விஷயத்தில் கட்சிக்கு என்ன வேலை?"*

இந்தக் கேள்வி வரும். பதில் சொல்கிறோம்.

மோர் வட்டம் சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. அது பேராசிரியர் வேலை. ஆனால் கிரிக்கெட்டில் அம்பயர் கொடுத்த அவுட்டுக்கே இன்றைக்கு ரிவ்யூ இருக்கிறது. அதனால் அம்பயர் மரியாதை போய்விட்டதா? ஆட்டத்தின் தரம் குறைந்துவிட்டதா?

"உலகத் தரம்" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிறார்களே, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். அங்கே மின், கணினிப் பொறியியல் துறையின் முதல்நிலைத் தேர்வும் வாய்மொழித் தேர்வுதான். ஆனால் எந்தப் பிரிவுக்கு என்ன படிக்க வேண்டும் என்ற பட்டியலை இணையத்திலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். பாடத்திட்டத்தைச் சொல்லிவிட்டுத் தேர்வு வைத்ததால் பெர்க்லி தரம் தாழ்ந்துவிட்டதா என்ன?

உதவித்தொகை பற்றியும் ஒரு வார்த்தை. ஆராய்ச்சி மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு முன்னேற்றத்தை மதிப்பிட்டு 42,000. அது மக்கள் வரிப்பணம். இரண்டு ஆண்டு செலவு செய்து வளர்த்த ஒருவரைக் காரணம் சொல்லாமல் அனுப்பினால், அவருக்கு மட்டுமா நட்டம்? நாட்டுக்கும்தான். அந்தப் பணத்தில் ஊருக்கு அனுப்பி வீட்டுக் கடன் அடைக்கிற பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நமக்குத் தெரியும்.

*நம் வீட்டையும் பார்ப்போம்*

ஒன்றிய நிறுவனத்தை மட்டும் கேள்வி கேட்டுவிட்டு நம் மாநிலப் பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டால் அது நேர்மை இல்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தில் முதலில் கிடைப்பது தற்காலிகப் பதிவுதான். பாடங்களை முடித்து, டாக்டரல் கமிட்டி முன்பு நின்ற பிறகுதான் அது உறுதியாகும். தனியார் பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேரமாகப் பிஎச்டி செய்கிறவர்கள் நம்மிடம் ஏராளம். இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் பிஎச்டி கட்டாயம் என்பது ஏஐசிடிஇ விதி. பகலெல்லாம் வகுப்பு, சாயங்காலம் அட்மிஷன் வேலை, ராத்திரி ஆராய்ச்சி என்று ஓடுகிறவருக்குக் கமிட்டி கூடும் தேதி தள்ளிப்போனால் பதவி உயர்வும் தள்ளிப்போகும். அவருக்கும் இதே நியாயம் வேண்டும். நம் கோரிக்கை இரண்டு அரசுகளுக்கும் சேர்த்துத்தான்.

*நம் கோரிக்கைகள்*

1. தகுதித் தேர்வின் பாடத்திட்டம், வடிவம், தேர்ச்சி அளவுகோல் ஆகியவற்றை ஒவ்வொரு துறையும் எழுத்தில் வெளியிட வேண்டும். தேர்வுக்கு மூன்று மாதம் முன்பே மாணவர் கையில் அது இருக்க வேண்டும்.

2. வாய்மொழித் தேர்வு முழுவதையும் பதிவு செய்ய வேண்டும். மாணவர் கேட்டால் நகல் தர வேண்டும்.

3. தோல்வி என்றால் ஏழு நாளுக்குள் எழுத்தில் காரணம். எந்தப் பகுதியில் குறை, எப்படிச் சரிசெய்வது என்று குறிப்பிட வேண்டும்.

4. இரண்டாம் வாய்ப்பில் வெளித்துறை உறுப்பினர் ஒருவர் புதிதாக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து ஒருவராவது குழுவில் இடம்பெற வேண்டும்.

5. துறைக்கு வெளியே மேல்முறையீட்டுக் குழு. அது முடிவு சொல்லும்வரை பதிவு ரத்தும் கூடாது, உதவித்தொகை நிறுத்தமும் கூடாது.

6. மகப்பேறு விடுப்பும் மருத்துவ விடுப்பும் தேர்வுக் கெடுவில் கணக்காகக் கூடாது.

7. எத்தனை பேர் எழுதினார்கள், தேறினார்கள், வெளியேறினார்கள் என்ற கணக்கைச் சமூகப் பிரிவு, பாலினம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இந்த ஏழில் எதுவாவது தரத்தைக் குறைக்குமா? சொல்லுங்கள். நியாயமாக நடக்கிற பேராசிரியருக்கு இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. பதிவு இருந்தால் அவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஆராய்ச்சி மாணவர்களே, உங்கள் துறையில் காம்ப்ரி விதி எழுத்தில் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான். வரும் பதிலை நம் பக்கத்துக்கு அனுப்புங்கள். உங்கள் பெயர் வெளியே வராது. பெற்றோர்களே, "என் பிள்ளை பெரிய இடத்துல படிக்குது" என்ற பெருமையோடு, அங்கே அந்தப் பிள்ளை எப்படி நடத்தப்படுகிறது என்றும் கேளுங்கள்.

படித்து முன்னேறு என்றார்கள், முன்னேறி வந்தோம். தேர்வு வை என்றோம், எழுதவும் தயார். கதவை மட்டும் திறந்து வை!

படியுங்கள், பகிருங்கள், கேள்வி கேளுங்கள்.

#காம்ப்ரியைப்பதிவுசெய் #காரணத்தைஎழுத்தில்கொடு #ஆராய்ச்சிமாணவர்உரிமை