கையுறைக் காளான்

ஸ்காட்லாந்து தேசத்தின் மேற்குக் கரையோரத்திலே, கடற்காற்றும் ஓயாத மழையும் வளர்க்கும் ஹேஸல் மரச் சோலைகளில், செம்பழுப்பு நிறமான விரல்களைப்போலக் கிளையைப் பற்றிக்கொண்டிருக்கும் காளானொன்றுண்டு. அதனைக் கையுறைக் காளான் என்பர். மரத்தை உண்டு வாழ்வதென்றே எவரும் எண்ணுவர், அஃதன்று. பசைக் காளான் என்னும் வேறொரு காளானே அதற்கு உணவு. அப்பசைக் காளானின் செயல் இன்னும் விநோதம்: உலர்ந்த சுள்ளிகளை நிலத்திற் சேரவிடாது, பக்கத்துக் கிளைகளோடு ஒட்டி வைத்துக்கொள்கிறது. தரையிலுள்ள மற்றைக் காளான்கள் பங்குக்கு வரலாகாதன்றோ! அந்தக் கஞ்சனிடத்திலே திருடி வாழ்வது நமது கையுறை. அமெரிக்காவில் ரோடோடெண்ட்ரான் செடியின்மேல் கண்டதனால் 1922-ஆம் ஆண்டில் தாக்ஸ்டர் என்பார் இட்ட சாஸ்திரப் பெயர், ஹேஸலில் வாழும்போதும் அதனைவிட்டு நீங்கவில்லை.

இவ்வபூர்வப் பொருளைக் காக்க விரும்புவோர் சோலையைத் திருத்த முற்படுவதே நமக்கு அச்சந் தருகிறது. காய்ந்த சுள்ளிகளை வாரி, முதிர்ந்த தண்டுகளை அடியோடு வெட்டிவிட்டால் பசைக் காளானுக்கு இரையேது? அஃதின்றேல் கையுறையும் இல்லை. ஹேஸல் தானே அடியிலிருந்து புதுத் தண்டுகளை விடும் மரம். கோடரியின் உதவி அதற்கு வேண்டுவதில்லை. அத்தளிர்களை மான்களும் ஆடுகளும் முற்றும் மேய்ந்துவிடாமற் பார்த்துக்கொண்டாற் போதும் என்பதே நமது கருத்து.