அட்டையைக் கழற்றினர், கதவைத் திறந்தனரா?

"அறை காலி. வாடகைக்கு விடப்படும்."

இலண்டன் மாநகரிலே, சன்னல் கண்ணாடியிலே ஒட்டியிருந்த அட்டை. அந்த வரியோடு நின்றிருந்தால் நமக்குப் பேச்சே இல்லை. அடுத்த வரியும் இருந்தது: "கறுப்பருக்கு இல்லை." சில அட்டைகளிலே அயர்லாந்துக்காரருக்கும் இல்லை என்று சேர்த்திருந்தனர். பத்திரிகை விளம்பரங்களிலும் அதே வாசகம். மறைத்து எழுதவில்லை, கூசி எழுதவில்லை. நாகரிகத்தின் தலைநகர் என்று பள்ளிப் பாடத்திலே நாம் நெட்டுருப் போட்ட நகரத்திலே, பட்டப்பகலிலே, தெருவைப் பார்த்து நின்ற அட்டை!

இது 1950களின் நிலை. சட்டம் தடுத்ததா? 1968 வரை தடுக்கவில்லை.

தோழர்களே, பிழைப்புக்காக வேற்று நாடு போகிறவனுக்கு முதல் கவலை வேலை என்று எண்ணுகிறோம். வேலையை முதலாளியே கொடுத்து விடுவான். அவனுக்கு ஆள் வேண்டும். மூட்டையை இறக்கிய அன்றிரவு எங்கே தலை சாய்ப்பது என்பதுதான் முதல் கவலை. எந்த நாடு வந்தவனை மனிதனாக மதிக்கிறது என்பதைத் துறைமுகத்திலே பார்க்க வேண்டாம். தொழிற்சாலை வாயிலிலே பார்க்க வேண்டாம். வாடகை வீட்டின் வாசற்படியிலே போய்ப் பாருங்கள்.

1948 ஜூன் 22. டில்பரி துறைமுகத்திலே 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பலிலிருந்து மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் இறங்கினர். அவர்கள் அந்நியரா? பிரிட்டிஷ் பிரஜைகள்! அந்த அரசின் கொடியின் கீழ் உலகப் போரிலே பணியாற்றியவர்களும் அவர்களிலே இருந்தனர். போரிலே நொறுங்கிய நாட்டைக் கட்டியெழுப்ப ஆள் தேவைப்பட்ட காலம். வந்தவர்களிலே 200க்கும் மேற்பட்டோரை எங்கே தங்க வைத்தார்கள் தெரியுமா? கிளாப்பம் சவுத்திலே, பூமிக்கடியிலே! குண்டு விழும் நாட்களிலே மக்கள் பதுங்குவதற்காகத் தோண்டிய சுரங்கத்திலே! சில வாரங்களிலே அவர்களுக்கு வேலை கிடைத்துவிட்டது. அருகிலிருந்த வேலைவாய்ப்பு அலுவலகம் பிரிக்ஸ்டனிலே இருந்ததால், பிரிக்ஸ்டனைச் சுற்றியே வீடு தேடலாயினர்.

வேலைக்கு அழைத்தது போதாதென்று, 1956 முதல் இலண்டன் போக்குவரத்துக் கழகம் பார்படாஸ் தீவுக்கே போய் ஆள் எடுத்தது. கப்பல் செலவுக்குக் கடன் கொடுத்தார்கள். பஸ்ஸிலே டிக்கெட் கிழிக்கவும் ரயில் நிலையத்திலே பணி செய்யவும் கூட்டி வந்தார்கள். மருத்துவமனைக்கு நர்சுகள் வந்தனர். கை வேண்டும், கால் வேண்டும், கண் விழித்து நோயாளியைப் பார்க்கும் கருணை வேண்டும். அந்த உடல் படுத்துறங்க ஆறடி இடம் மட்டும் தரமாட்டோம்!

காலையிலே அந்தக் கண்டக்டர் கையிலே டிக்கெட் வாங்கிக்கொண்டு பயணம் செய்த அம்மையார், மாலையிலே அவரே கதவைத் தட்டும்போது என்ன சொல்வார்? "எனக்கு ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தார் சங்கடப்படுவார்கள்." அக்கம்பக்கத்தாரைக் கேட்டால், அவர்களும் அக்கம்பக்கத்தாரைத்தான் காட்டுவார்கள். அந்த ஊரிலே அப்படி ஒரு விந்தை: வெறுப்பவர் எவருமே இல்லை, ஆனாலும் வீடு இல்லை!

நகராட்சி வீடு? அதற்கும் வழியில்லை. பர்மிங்காம் நகரிலே ஐந்தாண்டுகள் குடியிருந்தால்தான் வீட்டுக்கான பட்டியலிலே இடம். நேற்று வந்தவன் ஐந்தாண்டுகள் எங்கே குடியிருப்பது? வீடு கிடைக்க வேண்டுமானால் ஏற்கெனவே வீடு இருக்க வேண்டும் என்பது விதி!

எஞ்சியது, நாட்டிங் ஹில் போன்ற பகுதிகளின் சிதைந்த பெரிய வீடுகள். ஓர் அறையிலே நான்கு கட்டில். இரவுப் பணிக்காரர் எழுந்து போகப் பகற்பணிக்காரர் வந்து படுப்பார். மெத்தையின் சூடு ஆறுவதே இல்லை. மாடிப்படி முனையிலே ஓர் அடுப்பு, அதற்கு வரிசை. எரிவாயுவுக்கு ஷில்லிங் போட வேண்டும். குளிருக்கு மண்ணெண்ணெய் அடுப்பு. அது சாய்ந்தால் தீ. இதற்கு வாடகை வெள்ளையர் கொடுத்ததைவிட அதிகம்! தோலுக்கு ஒரு தனி வரி.

இந்தக் கொடுமையிலே கொழுத்தவர் பீட்டர் ராக்மன். 1957ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், பழைய குடித்தனக்காரர் காலி செய்தால் வாடகைக் கட்டுப்பாடு நீங்கும் என்றது. அவர் என்ன செய்தார்? பழைய குடிகளை மிரட்டி விரட்டினார்; வேறு எங்கும் வீடு கிடைக்காத மேற்கிந்தியரைக் கொண்டுவந்து, கேட்ட வாடகையை வாங்கினார். 1962இலே அவர் இறந்தார். அவர் பெயர் இறக்கவில்லை. குடியிருப்போரைக் கசக்கிப் பிழிவதற்கு ஆங்கில அகராதியிலே 'ராக்மனிசம்' என்று ஒரு சொல்லே ஏறிவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: ராக்மனும் போலந்திலிருந்து வந்த யூதர், போரிலே அலைக்கழிந்தவர். வந்தவனை வந்தவனே சுரண்டினான். ஆகவே இதை வெறும் நிறத்தின் கதை என்று முடித்துவிட முடியாது. அட்டை கதவை மூடியது. மூடிய கதவைக் காட்டி, பணம் தன் வேலையைச் செய்துகொண்டது.

வந்தவர்கள் அழுதுகொண்டே இருந்தார்களா? சீட்டுப் போட்டார்கள்! நம் ஊர்ச் சீட்டுதான். அவர்கள் அதைப் 'பார்ட்னர்' என்பர். வாரந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, முறை வந்தவர் மொத்தமாக எடுத்து, முன்பணம் கட்டிப் பழைய வீடொன்றை வாங்கி, ஊர்க்காரருக்கு அறை விட்டார்கள்.

"என் வீடு, என் விருப்பம்" என்பாரும் உண்டு. குடியிருக்கும் வீட்டிலே எவரை அழைத்து விருந்து வைப்பது என்பது உன் விருப்பம், ஒப்புக்கொள்கிறோம். வாடகைக்கு என்று விளம்பரம் செய்து விலை பேசும்போது அது வியாபாரம் ஆகிறதே! கடையிலே அரிசி விற்பவன், "உனக்கு இல்லை" என்று சொல்லலாமா? 1965இலே பிரிட்டன் கொண்டுவந்த முதல் இனவுறவுச் சட்டம் ஓட்டலையும் சினிமாக் கொட்டகையையும் கட்டுப்படுத்தியது, வீட்டைத் தொடவில்லை. அந்த ஆண்டிலேதான் ஸ்மெதிக் நகரிலே, மார்ஷல் தெருவின் வீடுகளை நகராட்சியே வாங்கி வெள்ளையருக்கு மட்டும் விடலாம் என்ற திட்டம் பேசப்பட்டது. மால்கம் எக்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்து அந்தத் தெருவிலே நடந்து பார்த்துவிட்டுப் போனார்.

1968இலே வீட்டையும் சேர்த்துச் சட்டம் வரப்போகிறது என்றதும், ஈனாக் பவல் பேசிய பேச்சை உலகம் அறியும். அந்தப் பேச்சின் நடுவிலே நிறுத்திக் காட்டியது யாரை? கறுப்பருக்கு அறை விட மறுத்த ஒரு முதிய வீட்டுக்கார அம்மையாரை! அவ்வளவு பெரிய அரசியலும் கடைசியிலே ஓர் அறையின் தாழ்ப்பாளிலே வந்து நின்றது. ஆனாலும் சட்டம் வந்தது. சன்னலிலிருந்து அட்டை இறங்கியது.

அட்டை போன இடத்திலே புன்னகை வந்தது. "மன்னிக்க வேண்டும், இப்போதுதான் ஒருவர் எடுத்துக்கொண்டார்." இதை எந்த நீதிமன்றத்திலே நிரூபிப்பது? (இலண்டனைப் பார்த்து நாம் அதிகம் சிரிக்க வேண்டாம், "நீங்க என்ன ஆளுங்க?" என்று சாவியைக் கையிலே வைத்துக்கொண்டு கேட்பவர் நம் தெருக்களிலும் உண்டு.)

அதோடு நின்றதா? 2014ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம், வீட்டுக்காரரையே எல்லைக் காவலர் ஆக்கியது! 2016 முதல் இங்கிலாந்து முழுவதும் விதி இது: வாடகைக்கு வருபவருக்கு அந்நாட்டிலே தங்க உரிமை உண்டா என்று வீட்டுக்காரர் பார்க்க வேண்டும். தவறினால் அபராதம். 2024 பிப்ரவரியிலே, முதல் தவறுக்கே ஆளுக்கு 10,000 பவுன் வரை என்று உயர்த்தினார்கள். மறுமுறை 20,000 வரை. தெரிந்தே விட்டால் சிறையும் உண்டு.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? சட்ட வல்லுநரா அவர்? இருவர் வருகிறார்கள், ஒருவர் கையிலே பிரிட்டிஷ் கடவுச்சீட்டு, மற்றவர் கையிலே கணினியிலிருந்து எடுத்த ஒரு குறியெண். வெறுப்பே இல்லாத நல்ல மனிதர்கூட, வம்பு வேண்டாம் என்று முதலாமவருக்குத்தான் சாவியைக் கொடுப்பார். 2019இலே உயர்நீதிமன்றம் இதைக் கண்டித்தது. 2020இலே மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சட்டத்தால் வீட்டுக்காரர் சிலர் பாகுபாடு காட்டுகிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டே, சட்டம் செல்லும் என்றது! நோய் உண்டாம், மருந்து வேண்டாமாம்.

இதன் உச்சம் 2018இலே வெளிப்பட்டது. அந்தக் கப்பல் காலத்திலே பெற்றோரோடு குழந்தைகளாக வந்து, உழைத்து, வரி கட்டி, தலை நரைத்தவர்களிடம் ஆதாரம் கேட்டார்கள். 1973க்கு முன் வந்து குடியேறியவர்கள். தங்க உரிமை உடையவர்கள். கையிலே காகிதம் மட்டும் இல்லை. வேலை போயிற்று, மருத்துவம் போயிற்று, வீடு போயிற்று. சிலரை நாடு கடத்தியும் விட்டனர். அவர்கள் வந்திறங்கியதைக் காட்டும் பழைய பதிவு அட்டைகளை 2010இலே அழித்ததும் அதே உள்துறைதான்! ஆதாரத்தை அழித்தவரே ஆதாரம் கேட்டார்.

இன்று நம் பக்கத்திலிருந்து நர்சாகவும் மாணவராகவும் பொறியாளராகவும் இலண்டன் போகிறார்கள். 1983க்குப் பின் ஈழத்திலிருந்து உயிர் தப்பிப் போனவர்கள் ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஹாரோவிலும் வேரூன்றியிருக்கிறார்கள். புதிதாகப் போகிறவருக்கு முதல் இரவுப் பாயை விரிப்பது பெரும்பாலும் அவர்களிலே ஒருவர்தான். அதன் பிறகு வட்டம் தொடங்குகிறது. வங்கி முகவரி கேட்கிறது. முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு வங்கிக் கணக்கும், சம்பளச் சீட்டும், முந்தைய வீட்டுக்காரரின் சான்றும், அந்நாட்டிலேயே சம்பாதிக்கும் ஒரு பிணையாளரும் வேண்டும். எதுவும் இல்லையா? ஆறு மாத வாடகையை முன்னதாக வை என்று கேட்பது வழக்கமாயிற்று.

அதற்கு 2025இலே நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் கடிவாளம் இட்டது. 2026 மே 1 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வாடகையை முன்கூட்டிக் கேட்கக் கூடாது. காரணம் கூறாமல் வெளியேற்றவும் கூடாது. வரவேற்கிறோம். முன்பணம் என்னும் வாசல் அடைபட்டால் பிணையாளர் கேட்கும் வாசலிலே இன்னும் கடுமை காட்டுவார்களே என்ற ஐயம் நமக்கு உண்டு, அதையும் மறைக்கவில்லை. போகிறவர் தெரிந்துகொள்ள இரண்டு: வைப்புத்தொகை ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்பது, ஆண்டு வாடகை 50,000 பவுனுக்குக் குறைந்த வீடுகளிலே, 2019 சட்டப்படி குற்றம். கொடுத்த தொகையை 30 நாளுக்குள் அரசு ஒப்புதல் பெற்ற காப்புத் திட்டத்திலே அவர் போட்டாக வேண்டும். வீட்டைக் கண்ணால் காணாமல் இங்கிருந்தே பணம் அனுப்பாதீர். படத்தைக் காட்டிப் பணம் பறிப்போர் மலிந்து கிடக்கிறார்கள்.

இந்த உரிமைகள் எவரும் இரக்கப்பட்டு வழங்கியவை அல்ல. 1915இலே கிளாஸ்கோ நகருக்கு ஆயுதத் தொழிற்சாலை வேலைக்குத் தொழிலாளர் குவிந்தபோது வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினர். மேரி பார்பர் போன்ற பெண்கள் முன் நின்று, வாடகை தர மாட்டோம் என்று தெருவிலே இறங்கினர். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1976இலே, கிழக்கு இலண்டனிலே, வீடு கிடைக்காமல் தாக்குதலுக்கும் அஞ்சி வாழ்ந்த வங்காளித் தொழிலாளர் குடும்பங்கள் பெல்ஹாம் கட்டடம் போன்ற காலிக் குடியிருப்புகளிலே புகுந்து குடியேறின. அவர்கள் அமைத்த சங்கத்தின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'பாக்'. வங்க மொழியிலே புலி! பலருக்கு அதே வட்டாரத்திலே மாநகர ஆட்சியே வீடு ஒதுக்க வேண்டியதாயிற்று.

பிரிட்டிஷ் அரசு செய்ய வேண்டிய காரியம் ஒன்று மீதி இருக்கிறது. குடியேற்றத் துறையின் வேலையைக் குடியேற்றத் துறையே செய்யட்டும். கடவுச்சீட்டைப் புரட்டும் பொறுப்பை வீட்டுக்காரர் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். அவர் வாடகை தரக்கூடிய ஆளா என்று மட்டும் பார்க்கட்டும். 2025 சட்டம் அந்தப் பொறுப்பை அப்படியே அவரிடம் விட்டு வைத்திருக்கிறது.