புது ராட்டினமும் பொதுஜன அபிப்பிராயமும்

கோடை விடுமுறை, தீபாவளி விடுமுறை என்று வந்துவிட்டால் கேளிக்கைப் பூங்காக்கள் புது ராட்டினம் ஒன்றை அறிமுகப்படுத்துவதும், அதற்குக் கொட்டை எழுத்தில் விளம்பரம் செய்வதும் இன்று வழக்கமாகிவிட்டது. ஆனால் விளம்பரத்தைவிட வேகமாகப் பரவுவது ஏறி இறங்கியவர்களின் அபிப்பிராயம்தான். ஞாயிற்றுக்கிழமை போய் வந்தவர் திங்கட்கிழமை காலை கல்யாண் லோக்கலில் நெரிசலுக்கு நடுவே அதை விவரிக்கிறார். மத்தியானத்துக்குள் ஆபீஸ் முழுவதும் தெரிந்துவிடுகிறது. அடுத்த வாரம் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் டோம்பிவிலியிலிருந்தும் இன்னும் நாலு குடும்பங்கள் புறப்படுகின்றன. ஆகவே இந்த அபிப்பிராயங்கள் அலட்சியப்படுத்தத் தக்கவை அல்ல. அவற்றில் என்ன சொல்லப்படுகிறது, என்ன விட்டுப்போகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஊர்க் கோயில் திருவிழாவில் மரத் தொட்டில் ராட்டினம் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இந்த நகரம் படிப்படியாகப் பெரிய ராட்டினங்களைக் காட்டியது. டில்லியில் 1984-ல் அப்பு கர் வந்தது. இங்கே 1989-ல் கோராயில் எஸ்ஸெல் வேர்ல்டு திறக்கப்பட்டபோது, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு படகில் கடல் கழியைக் கடந்து போனவர்களில் நம்மவர்கள் கணிசமானவர்கள். 2013-ல் மும்பை - புனே விரைவுச் சாலையை ஒட்டி, கோப்போலிக்கு அருகே இமேஜிகா திறக்கப்பட்டது. அங்கே ஓடும் 'நைட்ரோ' என்ற ரோலர் கோஸ்டர் சுமார் 40 மீட்டர் உயரம் ஏறி, ஐந்து இடங்களில் ஆளைத் தலைகீழாகப் புரட்டி எடுக்கிறது. புறப்படுமுன் காலுக்குக் கீழே உள்ள தளம் விலகிவிடுகிறது. கால்கள் அந்தரத்தில் தொங்க, மணிக்கு 100 கிலோ மீட்டருக்குக் குறையாத வேகத்தில் வண்டி பாய்கிறது.

இப்படிப்பட்ட ராட்டினங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூன்று வகை. முதல் வகை, திகிலைப் பற்றியது. 'முன்வரிசையில் உட்கார்ந்தால் பாதாளம் கண்ணுக்கு நேராகத் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்தால் வயிறு தொண்டைக்கு வரும்' என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. உச்சியில் முன்பெட்டி மெதுவாகத் தலை சாய்க்கிறது. கடைசிப் பெட்டி உச்சிக்கு வருவதற்குள் வண்டியின் பெரும் பகுதி சரிவில் இறங்கி வேகம் பிடித்திருப்பதால், அதில் இருப்பவர் வெடுக்கென்று இழுக்கப்படுகிறார். இளவட்டங்களுக்கு இது பிடித்திருக்கிறது. கழுத்துவலி, இடுப்புவலி உள்ளவர்கள் ஒரு வாரம் தைலம் தேய்க்க வேண்டியிருக்கிறது. இருவர் சொல்வதும் நியாயமே. அவரவர் உடம்பை அவரவர் அறிந்து முடிவு செய்யவேண்டிய விஷயம் இது.

இரண்டாவது வகை, காத்திருப்பைப் பற்றியது. ஒன்றரை மணி நேரம் நின்று இரண்டு மூன்று நிமிஷத்தில் இறங்கிவிட்டோம் என்ற புலம்பல் கேட்காத இடமில்லை. கணக்குப் பார்த்தால் காரணம் விளங்கும். ஒரு வண்டியில் இருபது பேர், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓட்டம் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 240 பேர்தான் ஏற முடியும். வரிசையில் ஐந்நூறு பேர் நின்றால் கடைசி ஆளுக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இதற்கு மாற்று, கூட்டமான நாளில் இரண்டாவது வண்டியையும் இறக்குவது. அதுவும் முடியாவிட்டால், 'இந்த இடத்திலிருந்து இத்தனை நிமிஷம்' என்று வரிசையில் ஆங்காங்கே பலகையாவது வைப்பது. ஆனால் பல பூங்காக்கள் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் வேறு. கூடுதல் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டிப் போக தனிச் சீட்டு விற்கிறார்கள். ஒரே நுழைவாயிலில், ஒரே நாளில் சீட்டு வாங்கி வந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று வெயிலில் நிற்க, இன்னொன்று பக்கத்து வழியாக ஏறிப் போகிறது. பணம் கொடுத்து வாங்கியது வசதிதானே என்று நிர்வாகத்தார் சொல்லலாம். ஆனால் அந்த வசதி நிற்கிறவரின் நேரத்திலிருந்தே எடுத்துத் தரப்படுகிறது என்பதை மறுக்க முடியாது.

மூன்றாவது வகை, செலவைப் பற்றியது. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு நுழைவுக் கட்டணம், வண்டிச் சத்தம், உள்ளே சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் சில ஆயிரங்கள் ஆகின்றன. மாதச் சம்பளத்தில் ஊருக்கு மணியார்டர் அனுப்பிப் பழகிய, இன்று வங்கி மூலம் அனுப்புகிற குடும்பங்களுக்கு இது பெரிய தொகை. 2017-ல் சரக்கு சேவை வரி வந்தபோது கேளிக்கைப் பூங்காச் சீட்டுக்கு 28 சதவீதம் விதித்தார்கள். 2018 ஜனவரியில் அதை 18 ஆகக் குறைத்தார்கள். கட்டுச்சோறு எடுத்துப் போகலாம் என்றால் பெரும்பாலான பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டுக்குத் தடை. குடிதண்ணீராவது தாராளமாகவும் இலவசமாகவும் கிடைக்கச் செய்வது நிர்வாகத்தாரின் குறைந்தபட்சக் கடமை.

போக்குவரத்துச் செலவை ஓரளவு குறைக்க வழி இருக்கிறது. மும்பை சத்ரபதி சிவாஜி முனையத்திலிருந்து கோப்போலி ரயிலில் சுமார் 114 கிலோ மீட்டர். கர்ஜத்துக்கு அப்பால் அது ஒற்றைப் பாதை, வண்டிகள் குறைவு. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். போகும் வண்டியைப் பார்ப்பதுபோலவே திரும்பும் வண்டியின் நேரத்தையும் குறித்துக்கொண்டு போகிறவர்கள் கைக்குழந்தையுடன் இரவில் தவிக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் சரி. ஆனால் திகில், வரிசை, செலவு என்ற இந்த மூன்றுக்கும் மேலான ஒன்றைப் பற்றி அநேகமாக யாரும் வாய் திறப்பதில்லை. இந்த ராட்டினத்தைக் கடைசியாகச் சோதித்தது யார்? எந்தத் தேதியில்? சோதித்தவர் பூங்காவின் சம்பளக்காரரா, வெளி ஆளா? ஏறுமுன் இந்தக் கேள்விகளைக் கேட்பவர் ஆயிரத்தில் ஒருவர்கூட இருப்பது சந்தேகம்.

கேட்கவேண்டிய அவசியம் இருக்கிறது. 2016 மே மாதம் சென்னை தாம்பரம் அருகே கிஷ்கிந்தாவில், சோதனை ஓட்டத்தின்போது ராட்டினம் ஒன்று சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். 2019 ஜூலையில் ஆமதாபாத் காங்கரியா ஏரிப் பூங்காவில், ஊசல்போல் ஆடும் ராட்டினம் ஓடிக்கொண்டிருக்கும்போதே முறிந்து விழுந்தது. இருவர் இறந்தனர், 25-க்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தனர். 2025 ஏப்ரலில் டில்லியில் ஒரு பூங்காவில் ரோலர் கோஸ்டரிலிருந்து விழுந்து இளம்பெண் ஒருவர் மாண்டார். அடுத்த மாதமே சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி. பூங்காவின் ராட்டினம் ஒன்று உயரத்தில் நின்றுவிட, அதில் இருந்தவர்கள் மணிக்கணக்கில் தவித்துத் தீயணைப்புப் படையினரால் இறக்கப்பட்டார்கள்.

இதனால் ராட்டினமே கூடாது என்று சொல்வதற்கில்லை. ஒழுங்காகப் பராமரிக்கப்படும் ரோலர் கோஸ்டர் யோசித்துச் செய்யப்பட்ட யந்திரம். அதன் பூர்வோத்திரமே ரயில்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் நிலக்கரி இறக்கப் போட்ட சரிவுப் பாதையில் பின்னர் ஜனங்கள் உல்லாசப் பயணம் போனார்கள். அந்த யோசனையை ஒட்டி 1884-ல் நியூயார்க் கோனித் தீவில் மணிக்கு 10 கிலோ மீட்டர் வேகத்தில் ஒரு வண்டி ஓடியது. கட்டணம் ஐந்து சென்ட். இன்றைய வண்டியிலும் பாய்வதற்கென்று எஞ்சின் பெரும்பாலும் கிடையாது. சங்கிலி உச்சிக்கு இழுத்து விடுகிறது. பிறகு எல்லாம் பூமியின் இழுப்புத்தான். ஏறும்போது 'கடக் கடக்' என்று கேட்கும் சத்தம், சங்கிலி அறுந்தாலும் வண்டி பின்னோக்கி உருளாதபடி பல்லில் மாட்டும் கொக்கியின் சத்தம். தண்டவாளத்துக்கு மேலே ஒரு சக்கரம், பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று என்று பிடித்திருப்பதால் தலைகீழானாலும் வண்டி கழன்று விழாது. ஒரு பிளாக்கில் ஒரு வண்டிதான் இருக்கலாம் என்ற ரயில்வே விதி அங்கேயும் உண்டு. முன்னால் போன வண்டி தன் பகுதியைக் காலி செய்யாவிட்டால் பின்னால் வரும் வண்டியை பிரேக் தானாகவே பிடித்து நிறுத்திவிடும்.

இங்கேதான் பொதுஜன அபிப்பிராயம் கொஞ்சம் திருந்த வேண்டியிருக்கிறது. வண்டி ஏறும்போது பாதியில் நின்றால், 'மட்டமான பூங்கா, நிறுத்திவிட்டான்' என்று ஊரெல்லாம் சொல்கிறோம். சந்தேகம் வந்தால் நிற்க வேண்டும் என்றே பல யந்திரங்கள் அமைக்கப்பட்டிருக்கின்றன. கொஞ்சம் சந்தேகத்துக்கே நிறுத்தி, பார்த்துவிட்டு ஓட்டுகிற ஆபரேட்டர் பாராட்டுக்குரியவர். அவரைத் திட்டித் தீர்த்தால் நாளைக்கு அவர் சந்தேகத்தை விழுங்கிவிட்டு ஓட்டுவார். உயரம் விஷயமும் அப்படியே. பெரிய ராட்டினங்களில் 130, 140 சென்டி மீட்டர் உயரம் வேண்டும் என்று அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பிள்ளை அழுகிறான், இரண்டு விரல்கடைதானே குறைகிறது என்று வாசலில் நிற்கும் பையனிடம் மல்லுக்கு நிற்பது நம்மிடையே சர்வசாதாரணம். தோளை அணைக்கும் பட்டை பெரிய உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது; சின்ன உடம்பு அதிலிருந்து நழுவும். மறுக்கிற அந்தப் பையன் அநேகமாக எங்கிருந்தோ பிழைக்க வந்தவன். அவனிடம் சண்டை போட்டு ஜெயிப்பதால் நஷ்டப்படுவது நம் பிள்ளையே.

ஜனங்களுக்கு இவ்வளவு சொன்னால், அதிகாரிகளுக்கும் நிர்வாகத்தாருக்கும் அதைவிட அதிகம் சொல்ல வேண்டும். புது ரயில் பாதையில் பிரயாணிகள் வண்டி ஓட வேண்டுமானால் ரயில்வே பாதுகாப்பு ஆணையர் பார்த்து அனுமதிக்க வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்துக்கு அடங்கியவர் அல்ல. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வேலை செய்பவர். ஓட்டுகிறவனே சோதிக்கிறவனாகவும் இருக்கக் கூடாது என்பதே இந்த ஏற்பாட்டின் தாத்பரியம். மாடிக் கட்டடத்தின் லிப்ட்டுக்குப் பம்பாயில் 1939-லேயே சட்டம் வந்துவிட்டது. 2017-ல் மகாராஷ்டிர அரசு அதைப் புதுப்பித்தும் இருக்கிறது. ஆளைத் தலைகீழாகத் தொங்கவிடும் யந்திரத்துக்கோ, நாடு முழுவதற்கும் பொதுவான தனிச் சட்டம் கிடையாது. இந்திய தர நிர்ணய அமைவனம் கேளிக்கை ராட்டினங்களுக்கென 15475 என்ற எண்ணில் விதிமுறைகளை வகுத்திருக்கிறது. விதிமுறை ஏட்டில் இருப்பது வேறு, ஒவ்வொரு போல்ட்டிலும் இருப்பது வேறு.

செய்ய வேண்டியவை சிலவே. அவற்றுக்குப் பெருஞ்செலவும் ஆகாது. முதலாவதாக, ஒவ்வொரு ராட்டினத்தின் வாசலிலும் கடைசிச் சோதனைத் தேதி, சோதித்தவர் பதவி, அடுத்த சோதனை நாள் ஆகியவற்றை எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும். மராத்தி, இந்தி, ஆங்கிலத்தில் இருந்தால் போதும், நம்மவர்கள் படித்துக்கொள்வார்கள். இரண்டாவதாக, சோதனை செய்பவர் பூங்காவின் சம்பளத்தில் இல்லாத தகுதி பெற்ற பொறியாளராக இருக்க வேண்டும். மூன்றாவதாக, புது ராட்டினத்தின் சோதனை ஓட்டத்தில் மணல் மூட்டையும் தண்ணீர் நிரப்பிய பொம்மையும் ஏறி முடித்த பிறகே ஆள் ஏற வேண்டும். ஊழியர் உயிர் இளப்பமானதல்ல என்பதற்குக் கிஷ்கிந்தா விபத்து ஒன்றே போதும். நான்காவதாக, திருவிழாக்களுக்கும் பொருட்காட்சிகளுக்கும் லாரியில் வந்து நாலு நாளில் பூட்டி, நாலு நாளில் பிரித்துப் போகிற ராட்டினங்களையும் இதே விதிக்குள் கொண்டுவர வேண்டும். ஏழை ஜனங்கள் அதிகம் ஏறுவது அவற்றில்தான்.

வருஷம் முழுவதும் ஷிப்டிலும் பைலிலும் அடைபட்டுக் கிடப்பவர்கள், ஒரு நாளாவது குழந்தைகளின் கூச்சலைக் கேட்டு மகிழ நினைப்பதில் தவறே இல்லை. புது ராட்டினத்தில் ஏறட்டும். எப்படி இருந்தது என்று நாலு பேருக்குச் சொல்லட்டும். சொல்லும்போது, 'வாசலில் சோதனைத் தேதி எழுதியிருந்தது, பட்டையை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டான்' என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். ஜனங்கள் எதைப் பாராட்டுகிறார்களோ அதைத்தான் நிர்வாகம் செய்யும். எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் அரசும் கவனிக்கும். அடுத்த விடுமுறைக் கூட்டம் சேருவதற்குள்ளாவது சம்பந்தப்பட்டவர்கள் விழித்துக்கொள்வார்களா?