பாஸ் நாளைக்கு வாறாராம்

'பாஸ் நாளைக்கு வாறாராம்' என்ற வசனத்தைக் கேட்டுக் கேட்டே களைத்துப்போன வீடுகள் வடக்கில் எத்தனை இருக்கும்! அத்திவாரம் வெட்டிக் கிடக்கும். மணலும் கல்லும் பறிச்சுக் கிடக்கும். முற்பணம் வாங்கின மேசன் பாஸ் இரண்டு நாள் வந்திருப்பார், மூன்றாம் நாளிலிருந்து போன் ஓஃப். தேடிப் போனால் பக்கத்து ஊரில் வேறொரு வீட்டுச் சாரத்தில் நிற்பார்.

இதைப்பற்றிக் கதைத்தால் எங்கட ஆக்களிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று, 'பாஸ்மார் எண்டா அப்பிடித்தான், கொஞ்சம் பொறுங்கோ.' மற்றது, 'வெளிநாட்டுக் காசு வந்து பெடியளுக்குப் பஞ்சி பிடிச்சிட்டுது.' இரண்டையும் கேட்க எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பொறுக்கச் சொல்கிறீர்களே, யாரைப் பொறுக்கச் சொல்கிறீர்கள்? போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்டத்தை எடுங்கள். ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். அதுவும் ஒரேயடியாக வரவில்லை. ஒரு கட்டத்தை முடித்துக் காட்டினால்தான் அடுத்த தவணை வங்கிக் கணக்குக்கு வந்தது. மேசனைப் பிடிப்பது, சாமான் எடுப்பது, வேலையை முடிப்பது எல்லாம் பயனாளியின் தலையில். மூன்று கிழமை பாஸ் வராவிட்டால் தவணை பிந்தும். தவணை பிந்தினால் சாமான் விலை ஏறும், ஐப்பசி மழை தொடங்கும். வாங்கி வைத்த சீமெந்து ஈரம் பட்டுக் கட்டியாகும். விலை ஏறுவது என்றால் என்னவென்று 2022இல் எல்லோருமே பார்த்தோம், ஒரு சீமெந்துப் பை மூவாயிரம் ரூபாயைத் தொட்ட ஆண்டு அது. கணவனை இழந்த ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு தகரக் கொட்டிலுக்குள் இருந்துகொண்டு எவ்வளவு காலம் பொறுப்பது? பாஸின் வீட்டுக்குப் போய்க் கேட்டால் 'அவர் இல்லை' என்று மனைவி சொல்வா. இரண்டாம் முறை போனால் ஊர் வேறு கதை கதைக்கும்.

அடுத்தது பஞ்சிக் கதை. ஒரே நேரத்தில் மூன்று வீட்டு வேலையை எடுத்துக்கொண்டு ஓடுகிறவருக்குப் பஞ்சியா? அவர் ஏன் மூன்று வீட்டில் முற்பணம் வாங்குகிறார் என்று யோசியுங்கள். மழைக்காலத்தில் வேலை இல்லை. விழுந்து கால் முறிந்தால் பார்க்க ஆளில்லை. கந்தோரில் வேலை செய்கிறவருக்குச் சேமலாப நிதி என்று முதலாளி 12 வீதம், தன் பங்கு 8 வீதம் சேரும். நாட்கூலிக்கும் கொந்தராத்துக்கும் வேலை செய்கிற பெரும்பாலான பாஸ்மாருக்கு அது கனவு. ஒரு வீட்டில் காசு முடிந்து வேலை நின்றாலும் மற்ற வீடு ஓடட்டும் என்று அவர் போடுகிற கணக்கு எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தக் கணக்குக்கு நட்டஈடு கட்டுகிறவள் அந்தத் தகரக் கொட்டில்காரி ஏன் ஆகவேண்டும்? காலை ஏழு மணிக்கே சோத்துப் பாசலோடு வந்து நிற்கிற முட்டாளும் சேர்ந்தல்லவா கட்டுகிறான்? பாஸ் வராவிட்டால் அவனுக்கு அன்றைய சம்பளமே இல்லை. (முட்டாள் என்றால் மேசனுக்குக் கையுதவிக்கு நிற்பவன். பெயர் வைத்தவர்களின் மரியாதையைப் பாருங்கள்.)

உண்மையில் பாஸ் எல்லா வீட்டுக்கும் வராமல் விடுவதில்லை. இதைத்தான் நாங்கள் கதைப்பதில்லை. கனடாவிலிருந்து அண்ணன்காரன் ஒவ்வொரு பின்னேரமும் வட்சப் வீடியோவில் 'சுவரைக் காட்டுங்கோ பாப்பம்' என்று கேட்கிற வீட்டுக்கு அவர் நேரத்துக்கே போவார். அடுத்த வேலையும் தரக்கூடிய பெரிய கொந்தராத்துக்காரரிடமும் போவார். சத்தம் போட ஆளில்லாத வீடுதான் தவறும். அப்படியென்றால் இது மறதியா, குணமா? யாரிடம் தவறினால் ஒன்றும் நடக்காது என்று அவருக்கு நன்றாகவே தெரியும். 'அப்பிடித்தான்' என்று சொல்கிற நாங்கள் அந்தத் தைரியத்தைக் கூட்டிக் கொடுக்கிறோம்.

வராமல் விட ஆயிரம் காரணம் இருக்கலாம். 'நாளைக்கு வரமாட்டன், புதன்தான் வருவன்' என்று முதல்நாள் பின்னேரம் ஒரு அழைப்பு எடுக்காமல் விட ஒரு காரணமும் இல்லை.

எனவே எழுத வேண்டும். மொத்தக் காசு எவ்வளவு, எந்தக் கட்டம் முடிய எவ்வளவு கொடுப்பது, எத்தனையாம் திகதிக்குள், வராவிட்டால் என்ன என்று ஒரு கொப்பி ஒற்றையில் எழுதி இரண்டு சாட்சியோடு கையெழுத்து வாங்க வேண்டும். முற்பணத்தைக் குறைத்து, சாமானை நீங்களே எடுங்கள். 'என்னில நம்பிக்கை இல்லையோ தங்கச்சி?' என்று பாஸ் கோவிப்பார். கோவிக்கட்டும். காசை வாங்கிக்கொண்டு ஆளே இல்லாமல் போனால் அந்த ஒற்றையோடு இணக்கசபைக்குப் போகலாம். 1988ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, அங்கே போக வழக்கறிஞரும் தேவையில்லை. எங்கட ஆக்களுக்கு அது காணிச் சண்டைக்கும் வேலிச் சண்டைக்கும் மட்டுந்தான் ஞாபகம் வரும்.

ஒற்றையில் அவருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். மணல் வரவில்லை என்று காலையில் வந்த பாஸையும் முட்டாளையும் திருப்பி அனுப்பினால் அரைநாள் சம்பளம். கட்டம் முடிந்தால் அன்று பின்னேரமே காசு, 'அண்ணா அனுப்பினாப் பிறகு பாப்பம்' என்ற கதை வேண்டாம். கவிதைக்கும் படத்துக்கும் பக்கம் பக்கமாக விமர்சனம் எழுதுகிற எங்களால், பக்கத்து வீட்டு அக்காவுக்கு இந்த ஒற்றையை எழுதிக் கொடுத்து, சாட்சிக்கு ஒரு கையெழுத்தும் போட ஏலாதா?