கண்ணாடித் தொட்டிக்கு ஓர் ஆரல்

பச்சைச் செடிகளை நட்டு, அவற்றினிடையே பலவகைச் சிறு மீன்களை உலவவிட்டு, குடும்பத்தோடு பார்த்திருப்பதில் உண்டாகும் இன்பம் அலாதியானது. ஆனால் கொஞ்ச காலத்தில் ஆசை வளர்ந்துவிடுகிறது. எல்லோர் வீட்டிலும் உள்ள மீன்களே நம் வீட்டிலும் இருந்தால் போதுமா? கடையில், மணலுக்கு வெளியே மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு விழிக்கும் ஒரு விநோதப் பிராணி கண்ணில் படுகிறது. "ஈல்" என்கிறார் கடைக்காரர். குழந்தைகள் விடுவதில்லை, வாங்கி வந்துவிடுகிறோம்.

நிற்க. இந்தப் பிராணி நமக்குப் புதியதன்று. சங்கப் புலவர்கள் அறிந்திருந்த ஆரலின் இனமே இது. பாம்பு போன்ற உடலைக் கண்டு இதை விலாங்கு என்று எண்ணிவிடலாகாது. இதன் முதுகில் சிறு முட்கள் வரிசையாக உள்ளன. வேண்டும்போது அவற்றை நிமிர்த்திக்கொள்ளும். வலையில் பிடித்தால் முட்கள் சிக்கிக்கொண்டு மீனுக்குக் காயம் உண்டாகும். ஆகவே ஒரு பாத்திரத்துக்குள் மெல்ல ஓட்டி எடுப்பதே உத்தமம்.

வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "என்ன விலை?" என்பதன்று; "எவ்வளவு நீளம் வளரும்?" என்பதே. கடைத் தொட்டியில் எல்லாம் குஞ்சுகளாகவே காணப்படுகின்றன. ஆனால் செந்நிறக் கோடுகளால் மனத்தைக் கவரும் ஃபயர் ஈல் ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது. காவிரியிலும் வாழும் நம் கல்லாரல் ஏறக்குறைய 90 சென்டிமீட்டரை எட்டும். இவ்விரண்டும் வீட்டுத் தொட்டிக்கு ஏற்றவை அல்ல.

பின் எதை வாங்குவது? வாலருகே மயிற்கண் போன்ற புள்ளிகள் உடைய பீகாக் ஈல் தாய்லாந்து முதலிய நாடுகளைச் சேர்ந்தது. 30 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. நாலடி நீளத் தொட்டியில் சுகமாக வாழும். இடம் குறைவாயின், பிரான்சிஸ் ஹாமில்டன் கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில் வருணித்த பங்காலஸ் என்னும் நம் நாட்டு ஆரல் இருக்கிறது. அது சுமார் 18 சென்டிமீட்டர்தான். மூன்றடித் தொட்டியே போதும்.

ஆரல் மணலுக்குள் புதைந்து வாழும் சுபாவமுடையது. கூரான சரளைக் கற்களைப் பரப்பினால் உடல் கிழிந்து புண்ணாகும். மென்மையான மணலே வேண்டும். புதிதாக நட்ட செடிகளைக் கிளப்பியும் விடும். ஆகையால் ஜாவா பெரணி, அனுபியாஸ் போன்றவற்றைக் கட்டையிலோ கல்லிலோ கட்டி வைப்பது நலம். மூடியில் சிறு சந்து இருந்தாலும் இரவில் வெளியேறித் தரையில் கிடந்து மாண்டுபோகும்.

துணை மீன்களையும் யோசித்தே சேர்க்க வேண்டும். நியான் டெட்ரா, கப்பிக் குஞ்சுகள், சிறு இறால்கள் ஆகியவை ஆரலுக்குத் துணையல்ல, இரை. ஓரளவு பெரிய, சாதுவான கௌராமி போன்றவை பொருந்தும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உணவு. வகுப்பில் வாய் திறவாத பிள்ளை ஆசிரியரின் கவனத்துக்கு எளிதில் தப்பிவிடுகிறான். தொட்டியில் ஆரலின் கதியும் அதுவே. பகலில் நாம் தூவும் உணவை மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். ஆரலோ பெரும்பாலும் அதைச் சீண்டுவதுமில்லை. மணலுக்குள் ஒளிந்திருக்கிறது என்று நாம் திருப்தியோடு இருக்க, அது பட்டினியால் மெலிந்துகொண்டிருக்கும். விளக்கை அணைத்த பின், நறுக்கிய மண்புழுவையோ, உறையவைத்து விற்கும் இரத்தப்புழுவையோ அதன் மூக்கருகே இட வேண்டும். கடையிலேயே, அது இரை எடுப்பதைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். வயிறு ஒட்டியதையும், மூக்கில் புண்ணோ உடலில் வெண்படலமோ உள்ளதையும் வாங்காதீர்கள். நோய் கண்ட ஆரலுக்குச் செம்பு கலந்த மருந்துகள் தீங்கு செய்யக்கூடும். அதன் செதில்கள் மிக நுண்ணியவை.

இன்னொரு வார்த்தை. தொட்டிக்கு அடங்காமல் வளர்ந்த மீனை ஊர் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுவதைப் புண்ணியம் என்று சிலர் எண்ணுகிறார்கள். வேற்று நாட்டு மீன் நம் நீர்நிலையில் புகுந்தால், அங்குள்ள மீன்களின் இரைக்குப் போட்டியாகும். நோயையும் கொண்டு சேர்க்கலாம். கடைக்காரரிடமோ, பெரிய தொட்டி உள்ளவரிடமோ ஒப்படைப்பதே முறை.

இரவில் பத்து நிமிஷம் அதற்கென ஒதுக்க இயலுமாயின் ஆரலை வாங்குங்கள். சில வாரங்களில் அது பயம் தெளிந்து, மாலையிலேயே தலை நீட்டி உங்களை எதிர்பார்க்கவும் கூடும். அவ்வளவு அவகாசம் இல்லாத வீட்டுக்குக் கப்பி மீன்களே போதும். அவையும் அழகில் குறைந்தவை அல்ல.